அரைத்துணியும் முத்தாரமும்: பழங்காலத்து ஆண்களின் உடையில் தகுதி தெரிந்ததா?

கேள்வி (கீழக்கரை): ஊர்ப் பெரிய மனிதர் எதிரே வந்தால், தோளில் கிடந்த துண்டை உருவி இடுப்பில் கட்டிக்கொள்வது என் தாத்தாவின் வழக்கம். ஆனால் புறநானூற்றின் 189ஆம் பாடல், குடைநிழலில் ஆளும் அரசனுக்கும் விலங்கு தேடும் வேட்டுவனுக்கும் 'உண்பது நாழி, உடுப்பவை இரண்டே' என்கிறது. அப்படியானால் ஆளின் தகுதியை எதைக் கொண்டு அறிந்தார்கள்?

மறுமொழி 1: தையலைக் கொண்டு அன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் முத்துக்குளித்துறைகளைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மாபாரில் (தமிழகத்தின் கிழக்குக் கரைக்கு அன்றைய அரபுப் பெயர்) தையற்காரரே இல்லை என்றும், அரசனும் பிறரைப் போல அரைத்துணியே உடுத்தினான் என்றும் குறிக்கிறார். ஆனால் அந்த அரசனின் கழுத்தில் மாணிக்கமும் நீலமும் மரகதமும் பதித்த ஆரம் கிடந்தது, மார்பில் 104 பெரிய முத்துகளும் மாணிக்கங்களும் கோத்த பட்டுநூல் தொங்கியது.

மறுமொழி 2: நகையோடு முடித்துவிட வேண்டாம், துணியின் நீளமும் கணக்கில் வந்தது. காலத்தால் பிந்தியதுதான், என்றாலும் 1930இல் இதே ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிட ஆண்கள்மீது சுமத்தப்பட்ட தடைகளில், முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டை அணியக் கூடாது என்பவையும் இருந்தன. கோயிலில் முதலில் யார் தலையில் பரிவட்டம் கட்டுவது என்ற வழக்குகளும் ஒரு முழத் துணியைப் பற்றியவையே.

கேட்டவர்: தாத்தாவிடம் சட்டை இருந்ததில்லை. துண்டு இடுப்புக்கு இறங்கும்போது அவருடைய குரலும் கூடவே இறங்கும்.