மறு: எலும்பில் ‘நைடஸ்’: கூடா, முளையா, கருவா?

கையேட்டுக் குழுவிலிருந்து

நண்பர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளின் எலும்பில் வரும், புற்றல்லாத சிறு கட்டியான ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா பற்றிப் பெற்றோருக்கான கையேட்டில் மற்ற சொற்கள் ஓரளவு தமிழில் அமைந்துவிட்டன. அந்தக் கட்டியின் உள்முண்டைக் குறிக்கும் ‘நைடஸ்’ மட்டும் அடம்பிடிக்கிறது. இலத்தீனில் அது பறவைக் கூடு. வரைவிலும் ‘கூடு’ என்றே போட்டிருந்தோம். ‘உங்கள் பிள்ளையின் தொடை எலும்பில் ஒரு கூடு இருக்கிறது’ என்று வாய்விட்டுப் படித்தால் குளவிக்கூடுதான் கண்முன் வருகிறது. ‘எலும்புக் கூடு’ என்று சேர்த்துவிட்டால் கதையே வேறு. ‘உட்கரு’ உயிரணுப் பாடத்துக்குப் போய்விட்டது. ‘மையம்’ என்றால், நைடஸ் எப்போதும் நடுவில் இருப்பதில்லை.

சொல் தேடுவதற்கு முன் பொருளை யாராவது விளக்கினால் தமிழாசிரியர்களுக்கு உதவும்.

---

கதிரியல் மருத்துவர்

> சொல் தேடுவதற்கு முன் பொருளை

வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருக்கும் ஒரு சிறு முண்டு. குறுக்களவு பெரும்பாலும் 1.5 செ.மீ.க்குள் அடங்கும். 2 செ.மீ.யைத் தாண்டினால் நோயின் பெயரே ஆஸ்டியோபிளாஸ்டோமா என்று மாறும். உள்ளே சுண்ணம் சரியாக ஏறாத எலும்புப் பொருளும் நெருக்கமான இரத்தக் குழாய்களும் நரம்பு இழைகளும் இருக்கும். வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருள் இங்கே அளவுக்கு மீறிச் சுரக்கிறது. இரவில் வலி தூக்கிப்போடுவதும், ஆஸ்பிரின் வகை மாத்திரை போட்ட அரை மணியில் அது அடங்குவதும் அதனால்தான். 1935-இல் நியூயார்க்கின் ஹென்றி ஜாஃபே இதைத் தனி நோயாக விவரித்துப் பெயரிட்டார்.

சொல் அமைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நைடஸைச் சுற்றியுள்ள எலும்பு அதற்கு எதிர்வினையாகத் தடித்து, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். முதலில் கண்ணில் படுவது இந்தத் தடிப்பு. ஆனால் நோய் அதில் இல்லை, நைடஸை அழித்துவிட்டால் தடிப்பு மெல்லத் தானே கரையும். ஆகவே நாம் வைக்கும் சொல் உள்ளிருக்கும் முண்டை மட்டும் சுட்ட வேண்டும், தடிப்பு அதில் ஒட்டக் கூடாது. ‘3 செ.மீ. நைடஸ்’ என்று தடிப்பையும் சேர்த்து அளந்து அறிக்கை எழுதினால், படிப்பவர் வேறு நோய்க்குப் போய்விடுவார்.

சி.டி. எடுக்கும்போது 1 மி.மீ. துண்டுகளாகக் கேளுங்கள். 5 மி.மீ. துண்டில் 4 மி.மீ. நைடஸ் காணாமல் போகும். எம்.ஆர்.ஐ. மட்டும் எடுத்தாலும் சிக்கல்: மஜ்ஜையில் நீர்க்கோப்பு பெரிதாகத் தெரியும், நைடஸ் அதில் மறைந்துகொள்ளும், கிருமித்தொற்று என்றோ யூவிங் புற்று என்ற எலும்புப் புற்று என்றோ சந்தேகம் கிளம்பும்.

---

தமிழாசிரியர்

டாக்டரின் விளக்கத்தைப் படித்ததும் ‘முளை’ நினைவுக்கு வந்தது. சீழ்க்கட்டி பழுத்தால் ‘முளை வெளியே வந்தால்தான் ஆறும்’ என்று ஊரில் சொல்வார்கள். சுற்றியுள்ள வீக்கம் கட்டியைச் சேர்ந்ததுதான், ஆனாலும் பிடுங்க வேண்டியது முளையை மட்டுமே. நீங்கள் கேட்ட பிரிவு இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மாடு கட்டும் முளை என்ற பொருளும் உண்டு, சிறியது, ஆழப் பதிந்தது. ‘எலும்பு முளை’ என்று வைக்கலாமே?

பொகுட்டு என்று இன்னொன்றும் மனதில் வந்தது. தாமரையின் நடுவே இருக்குமே, அது. அழகான சொல்தான், ஆனால் புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்கும் தாய்க்கு அதற்கும் ஒரு கையேடு தேவைப்படும்.

---

குழந்தைகள் எலும்பு மருத்துவர்

ஐயா, ‘முளை’ எனக்கும் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால்தான் பயமாகவும் இருக்கிறது.

இந்த நோயில் அடிக்கடி நடக்கும் தவறே இதைச் சீழாக நினைப்பது. பிராடி சீழ்க்கட்டி என்று எலும்புக்குள் ஒடுங்கிக் கிடக்கும் பழைய தொற்று ஒன்று உண்டு. எக்ஸ்ரேயில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி: நடுவில் கருமை, சுற்றிலும் வெண்மை, சில சமயம் கருமைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. பிராடியில் குழியின் உட்சுவர் மேடுபள்ளமாக இருக்கும், மருந்து ஏற்றிப் படமெடுத்தால் ஓரம் மட்டும் ஒளிரும், உள்ளே சீழ் ஒளிராது. நைடஸ் வழுவழுப்பான வட்டம், மருந்து ஏறியதும் சட்டென்று ஒளிரும். இது தெரியாமல் மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் பிள்ளைகள் உண்டு. அந்த இடத்தில் நாமே சீழ்க்கட்டியின் சொல்லை எடுத்துக் கொடுப்பதா? 2018-இல் இந்தக் கட்டியின் அணுக்களில் ஃபாஸ் மரபணு இடம் மாறி ஒட்டியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. இது தொற்றோ அழற்சியோ இல்லை, உண்மையான கட்டி என்பதற்கு அது வலுவான சான்று.

இன்னொரு இடைஞ்சல். ஆஸ்டியோகான்ட்ரோமா என்ற பொதுவான கட்டியில் எலும்பு வெளிப்பக்கமாகப் புடைத்து, குருத்தெலும்புத் தொப்பியோடு நிற்கும். ‘முளை’ என்ற சொல்லை மக்கள் அதற்குத்தான் பொருத்திப் பார்ப்பார்கள்.

நடுவே ஒரு வேண்டுகோள். கையேட்டின் தலைப்பில் ‘தீங்கற்ற கட்டி’ என்று இருக்கிறது. இரவு 2 மணிக்கு அழுதுகொண்டு எழும் பிள்ளையின் வீட்டில் அந்தச் சொல் கேலி போல ஒலிக்கும். பெரியவர்களுக்கு வரும் இராட்சத அணுக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 20 முதல் 40 வயதுக்குள், முழங்கால் பக்கத்து எலும்பு முனையை மூட்டுவரை அரிக்கும், சுரண்டி எடுத்து, குழிச்சுவரை வேகத் துரப்பணத்தால் தேய்த்து, எலும்புச் சிமென்ட் அடைத்தாலும் சிலருக்குத் திரும்ப வரும். புத்தகத்தில் அதுவும் ‘தீங்கற்றது’. ‘புற்றல்லாத கட்டி’ என்று போடுங்கள். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறது, அதற்கு மேல் உறுதி கொடுப்பதில்லை.

---

தமிழாசிரியர்

முளையைத் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதில் ‘வலிக்கரு’.

கரு என்றால் உள்ளே இருப்பது, எதற்கு மூலமோ அது. மஞ்சட்கரு, வெண்கரு என்று அடுப்படியிலேயே புழங்கும் சொல். வலி பிறக்கும் இடம் என்பதும் சேர்ந்துவிடுகிறது. சீழ் வாடை இல்லை, புடைப்பும் நினைவுக்கு வராது.

---

கதிரியல் மருத்துவர்

வலிக்கரு நன்றாக இருக்கிறது. இருந்தாலும் இரண்டு கேள்விகள்.

முதலாவது, வலியே இல்லாத ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமாவும் அபூர்வமாக உண்டு. விரல் எலும்பில் வந்தால் வீக்கம் மட்டும் இருக்கலாம். இடுப்பு மூட்டுக்குள் வந்தால் பிள்ளை முழங்காலைக் காட்டும், மூட்டுவாதம் போலவே இருக்கும், எலும்புத் தடிப்பும் அங்கே குறைவு. முதுகெலும்பில் வந்தால் முதுகு ஒருபக்கம் வளைந்து நிற்கும், வலிக்கரு வளைவின் உட்குழிந்த பக்கத்தில் இருக்கும். (பாருங்கள், நானே எழுத ஆரம்பித்துவிட்டேன்.)

இரண்டாவது, மூளையின் இரத்தக்குழாய்ப் பின்னலிலும் நைடஸ் என்று சொல்கிறோம். சிறுநீரகக் கல் படியத் தொடங்கும் துகளுக்கும் அதே பெயர். அங்கெல்லாம் வலிக்கரு பொருந்தாது.

---

குழந்தைகள் எலும்பு மருத்துவர்

இரண்டாவதை விட்டுவிடலாம். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எங்கும் ஒரே தமிழ்ச் சொல் என்ற விதியால்தான் பல பட்டியல்கள் படிக்க முடியாமல் கிடக்கின்றன. மூளைக்காரர்கள் ‘பின்னல்’ என்று வைத்துக்கொள்ளட்டும். முதலாவதற்கும் பதில் உண்டு: பெரும்பான்மையை வைத்துப் பெயரிடுவது மருத்துவத்தில் வழக்கம். வலியில்லாத வலிக்கருவை அறிக்கையில் ஒரு வரியில் விளக்கிவிடலாம்.

எனக்கு இப்போது அடுத்த சொல்தான் கவலை. சி.டி. பார்த்தபடி ஊசி செலுத்தி ரேடியோ அலையால் நைடஸை அழிக்கும் சிகிச்சையை வரைவில் ‘சூடு வைத்தல்’ என்று எழுதியிருக்கிறார்கள். குழந்தைக்கு வயிற்றில் சூடு போடும் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. ஆஸ்பத்திரியே சூடு வைக்கச் சொன்னது என்று ஒரு வீட்டில் புரிந்துகொண்டாலும் போதும், பாதகம்.

---

கையேட்டுக் குழுவிலிருந்து

உடனே நீக்குகிறோம். ‘வலிக்கருவைக் கருக்குதல்’? ஓசையும் அமைகிறது.

---

குழந்தைகள் எலும்பு மருத்துவர்

ஓசை அமைகிறது, செயல்முறை அமையவில்லை. இந்தச் சிகிச்சையில் கருகக் கூடாது.

ஊசி முனையில் 7 முதல் 10 மி.மீ. வரை உறையில்லாமல் இருக்கும். அந்த முனையை நைடஸுக்குள் நிறுத்தி 90 டிகிரி செல்சியஸில் 4 முதல் 6 நிமிடம் வைக்கிறோம். சுற்றிலும் சுமார் 5 மி.மீ. ஆரத்துக்குத் திசு செத்து இறுகும். நைடஸ் 1 செ.மீ.யைத் தாண்டினால் ஊசியை இடம் மாற்றி இன்னொரு முறை. வெப்பம் 100 டிகிரியைத் தொட்டால் திசுநீர் கொதித்து ஆவியாகும், முனையைச் சுற்றிக் கரி படியும், கரி மின்சாரத்தைத் தடுக்கும், வெப்பம் வெளியே பரவாமல் நின்றுவிடும். ஓரத்தில் உயிரோடு மிஞ்சியது பின்னால் வலியைத் திரும்பக் கொண்டுவரும். ஆக, கருகினால் சிகிச்சை கெட்டது என்று பொருள்.

கையேட்டில் விடுபட்டவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழு மயக்கமோ முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதோ கட்டாயம். ஊசி நைடஸைத் தொடும் நொடியில், மயக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் நாடித் துடிப்பும் மூச்சும் ஏறும். முனைக்கும் பெரிய நரம்புக்கும் இடையே 1 செ.மீ.யாவது வேண்டும், தோலுக்கும் அப்படியே. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் தோல் மெல்லியது, அங்கே தோல் வெந்துபோகும் ஆபத்து அதிகம். மின்சாரம் திரும்பிச் செல்லத் தொடையில் ஒட்டும் மின்தகடு முழுதாகப் பதியாமல் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் அங்கும் புண்ணாகும். அதே ஊசித் துளை வழியே சுடுவதற்கு முன் சதைத்துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள், பின்னால் எடுத்தால் வெந்த திசுதான் கிடைக்கும்.

ஊசி வேண்டாம் என்பவர்களுக்கு மாத்திரை வழியும் உண்டு. நாப்ராக்சன் என்ற வலி மாத்திரை, உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 7 மி.கி., 12 மணிக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பின், வயிற்றையும் சிறுநீரகத்தையும் கண்காணித்தபடி. நோய் தானாக அடங்கச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆஸ்பிரின் என்ற பெயரைக் கையேட்டில் போடவே வேண்டாம். சளிக்காய்ச்சலிலோ அம்மையிலோ இருக்கும் பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய் வரலாம்.

---

தமிழாசிரியர்

90 டிகிரியில் இறுகுவது, கருகாமல் வேகுவது. டாக்டர், இதற்கு அடுப்படியிலேயே சொல் இருக்கிறது: அவித்தல்.

அவித்தலுக்கு இரண்டு பொருள். முட்டையை அவிப்பது ஒன்று, விளக்கை அவிப்பது மற்றொன்று. வேகவைப்பதும் அணைப்பதும். கருவை அவித்தால் வலி அவியும். யாழ்ப்பாணத்து நண்பர்கள் பிட்டையும் கிழங்கையும் அவித்தே பேசுவார்கள், அவர்களுக்கும் அந்நியமாக இராது.

---

கதிரியல் மருத்துவர்

‘ரேடியோ அலை அவிப்பு’. அறிக்கையில் போட்டுப் பார்த்தேன்: ‘வலது தொடை எலும்பின் நடுத்தண்டில், உட்பக்கப் புறணியில், 7 மி.மீ. வலிக்கரு. சுற்றிலும் எலும்புத் தடிப்பு 28 மி.மீ. நீளத்துக்கு. அவிப்புக்கு ஏற்ற இடம், பெரிய நரம்பு அருகில் இல்லை.’ நிற்கிறது. வலிக்கருவுக்கும் தடிப்புக்கும் தனித்தனி அளவு எழுதுவது இனி வழக்கமானால் அதுவே போதும்.

---

கையேட்டுக் குழுவிலிருந்து

பக்கம் 3 திருத்திய வடிவம்:

‘உங்கள் பிள்ளையின் எலும்புக்குள் பட்டாணி அளவில் ஒரு வலிக்கரு இருக்கிறது. இது புற்றல்லாத கட்டி. சீழ் இல்லை, ஆகவே ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. மயக்கம் கொடுத்து, ஒரு மெல்லிய ஊசி வழியே இதை அவித்துவிடலாம். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். கால் எலும்பானால் ஓட்டமும் குதிப்பும் எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். துளையிட்ட எலும்பு உறுதிப்பட நாளாகும். சில நாள் கழித்தும் பழைய இரவு வலி தொடர்ந்தாலோ, மாதங்கள் கழித்துத் திரும்பினாலோ, உடனே வாருங்கள். ஒரு பகுதி அவியாமல் மிஞ்சியிருக்கலாம். இரண்டாம் முறை செய்ய முடியும்.’

‘பட்டாணி அளவில்’ என்பதற்கு ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். ஆஸ்டியாய்டுக்கு ‘முதிரா எலும்பு’ என்று வந்த பரிந்துரையைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம். அது சுண்ணமேறாத எலும்பா, பின்னல் எலும்பா (இழைகள் ஒழுங்கின்றிப் பின்னிய எலும்பு) என்ற குழப்பம் அதில் தீரவில்லை.