புதுப்பிப்பு: ஏசியில் கேஸ் குறையவே இல்லை
வண்டி ஓடும்போது ஏசி குளிர்கிறது, சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான் வருகிறது, கேஸ் நிரப்ப வேண்டுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பலரும் நிரப்பச் சொன்னீர்கள். நானும் அந்த முடிவோடுதான் போனேன்.

நல்லவேளை, மெக்கானிக் முதலில் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டினார். கேஸ் குறைந்திருந்தால் நீலம் (குறைந்த அழுத்தப் பக்கம்), சிவப்பு (அதிக அழுத்தப் பக்கம்) இரண்டு முள்ளுமே தாழ்ந்து நிற்குமாம். கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரும் டக் டக்கென்று விட்டுவிட்டு ஓடுமாம். இங்கே சிவப்பு முள் ஏறிக்கொண்டே போனது. அவர் ஒன்றும் பேசாமல் ஒரு மக் தண்ணீரை, கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் மேல் ஊற்றினார். முள் சரசரவென்று இறங்கியது, உள்ளே குளிர்காற்று! குனிந்து பார்த்தால் கண்டென்சர் ஃபேன் சுற்றவே இல்லை. அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே போயிருந்தது. ஓடும்போது எதிர்க்காற்று ஃபேனின் வேலையைச் செய்துவிட்டதால் தெரியவில்லை.

ரிலே மாற்றியாயிற்று. இப்போது நின்றாலும் குளிர்கிறது.

அப்புறம் ஒன்று: கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசியும் இடத்தில் கேஸோடு கொஞ்சம் எண்ணெயும் வெளியே வரும்; என் வண்டியிலும் ஒரு குழாய் இணைப்பில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. துடைத்து வைத்திருக்கிறேன், மறுபடி ஈரமானால் சொல்கிறேன்.