13 வயசு மகள் இப்ப ஓடுறதே இல்ல, உங்க வீட்டுல எப்படி?

பள்ளத்தூர்க்காரி:
பெரியவ எட்டாவது படிக்கிறா. அஞ்சாவது வரைக்கும் அவ ஒரு இடத்துல உக்காந்து நான் பாத்ததே இல்ல. வளவு வாசல்ல கோடு போட்டுப் பாண்டி, தூணுக்குத் தூண் தொட்டுப் பிடிச்சு, ஆத்தங்குடிக் கல்லுல சாக்ஸோட சறுக்கு. அப்பத்தா திட்டித் திட்டித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஜூன்ல வாங்குற ஷூ கார்த்திகைக்குள்ள அடி தேய்ஞ்சு வாயைப் பிளந்துரும்.

இந்த வருஷம் தை பிறந்தாச்சு. நேத்து ஷூவைத் துடைக்கிறப்பத் திருப்பிப் பாத்தேன், அடியில கம்பெனி எழுத்துகூட அழியல. ஒரு மாதிரி ஆயிருச்சு.

வேன், டியூஷன், கட்டில். பி.டி. பீரியடையும் கணக்கு மிஸ் வாங்கிக்கிறாங்களாம். போனைப் பிடுங்கி வச்சா உத்தரத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கா. இது சோம்பேறித்தனமா, வயசா?

தேவகோட்டை விசில்:
ஆச்சி, நான் 19 வருஷமா பி.டி. வாத்தியார். ஆறாவதுல பெல் அடிக்கும் முன்னாடியே கிரவுண்டுல நிக்கிற பிள்ளைக ஒன்பதாவதுல வேப்பமரத்தடிக்குப் போயிருவாங்க. உங்க மக மட்டும் இல்ல. 5லருந்து 17 வயசு வரை தினம் சராசரியா 60 நிமிஷமாவது மூச்சு வாங்க அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 146 நாட்டுல 2016க்கு எடுத்த கணக்குப்படி, 11–17 வயசுல நூத்துக்கு 81 பேர் அதைத் தொடல. பொம்பளப் பிள்ளைக 85, பையங்க 78.

எங்க தப்பும் இருக்கு. கோ-கோ டீமுக்குத் தேறுறவங்களை மட்டும் ஓட விட்டுட்டு மத்தவங்களைக் கைதட்ட உக்கார வச்சிர்றோம். அப்படி ரெண்டு வருஷம் உக்காந்த பிள்ளைக்கு, 'நமக்கு வராது'ன்னு மனசுல பதிஞ்சிரும்.

புதுவயல் ஐயா:
எல்லாம் செல்போன் பண்ற வேலை. அந்த வயசுல நாங்க ஊருணியில இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்திட்டுத்தான் பள்ளிக்கூடமே போவோம்.

பள்ளத்தூர்க்காரி:
சரிங்கய்யா. 13 வயசுல உங்க அக்கா தங்கச்சிகளும் கூட வந்து நீந்துனாங்களா?

கோட்டையூர் மருமகள்:
ஆச்சி, தப்பா நினைக்காதீக. வயசுக்கு வந்துட்டாளா? பி.டி. அன்னைக்கு வெள்ளை யூனிஃபார்மா? என் மக ஒரு வருஷம் புதன்கிழமையானா வயித்துவலின்னு படுத்தா. கறை தெரிஞ்சிருமோன்னு பயமாம். உள்ள போட கறுப்புல கால்சட்டை எடுத்துக் குடுத்தேன், பாதி சரியாச்சு. மீதிக்குத் துணை வேணும். தனியா எந்தப் பிள்ளையும் ஓடாது.

பள்ளத்தூர்க்காரி:
ராத்திரி பக்கத்துல படுத்துக்கிட்டுக் கேட்டேன். அதேதான். போன ஆடியில ஒரு நாள் ஸ்கூல்ல கறை பட்டு, பையைப் பின்னாடி பிடிச்சுக்கிட்டே வேன் வரைக்கும் நடந்திருக்கா. எங்கிட்டச் சொல்லவே இல்ல. நான் என்னடான்னா அஞ்சு மாசமா சோம்பேறி, சோம்பேறின்னு திட்டிக்கிட்டிருக்கேன்.

துணைதான் பிரச்சினை. முன்ன வளவுல பங்காளி வீட்டுப் பிள்ளைக ஏழெட்டுப் பேர் இருந்தாக. இப்ப எல்லாரும் சென்னை, கோயம்புத்தூர்னு போயாச்சு. பூட்டுன அறைதான் மிச்சம். அதனால நானே புடவையைச் சொருகிக்கிட்டு ஷட்டில் ஆடுனேன். பத்து நிமிஷத்துல எனக்கு மூச்சு வாங்குது, அவளுக்குச் சிரிப்புத் தாங்கல. ரெண்டு இறகுப்பந்து ஓட்டு மேல போயிருச்சு, எடுக்க ஆளில்ல. அப்பத்தா மட்டும் "சமஞ்ச பிள்ளை வாசல்ல குதிக்கிறா"ன்னு முகப்புல உக்காந்து முணுமுணுத்தாக. ஆனா எழுந்து உள்ள போகல, கடைசி வரைக்கும் பாத்தாக.

காரைக்குடியில பொம்பளப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஷட்டில் சொல்லிக் குடுக்குற இடம் தெரிஞ்சா எழுதுங்க. ஏழு மணிக்குள்ள முடியணும், கடைசி பஸ்ஸை நம்ப முடியல.