மதுரை வெயிலும் சன்ஸ்கிரீனும்: யாருக்கு அவசியம், யாருக்குக் குடையே போதும்? (அனுபவப் பகிர்வு)

திருநகரிலிருந்து ஒரு தாய்:

எங்கள் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு லூபஸ் (உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே உடலைத் தாக்கும்) நோய் இருப்பது உறுதியானது. மாத்திரைகளுக்கு இணையாக மருத்துவர் அப்போது வலியுறுத்தியது, வெயிலைத் தவிர்ப்பதையும், வெளியே போக நேரும் நாள்களில் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்வதையும்தான். லூபஸ் உள்ளவர்களின் தோலில் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் சிவந்து தடிப்பதோடு நிற்காமல், மூட்டுவலி, காய்ச்சல், தாங்க முடியாத சோர்வு என நோயே கிளர்ந்தெழக்கூடும். மதுரையில் குடியிருந்துகொண்டு வெயிலைத் தவிர்ப்பது எத்தனை கடினம் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். சித்திரை பிறந்து, திருவிழாவுக்கு ஊர் தயாராகும் நாள்களில் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு ஏறக்குறைய நேர் மேலே நிற்கிறது. ஆவணியில் மறுபடியும் அதே நிலைக்கு வருகிறது.

வீட்டில் முதல் எதிர்ப்பு என் மாமியாரிடமிருந்து வந்தது. யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒன்றைக் காட்டி, "ஏத்தா, ரத்தத்துல கலக்குற மருந்தைப் போயி வயசுப் பிள்ளை மூஞ்சியில தேய்க்கலாமா?" என்று கேட்டார். பேத்தியின் மீதுள்ள அக்கறையில் கேட்ட கேள்வி அது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. மருத்துவரிடம் கேட்டும், கிடைத்தவற்றைப் படித்தும் நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அந்தச் செய்தியில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் 2019-இலும் 2020-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், சன்ஸ்கிரீனில் சேர்க்கப்படும் ஆக்ஸிபென்சோன், அவோபென்சோன், ஆக்டோகிரைலீன் போன்ற வேதிப்பொருள்கள் தோல் வழியாக ரத்தத்தில் சேர்வது தெரியவந்தது. ஒரு மில்லிலிட்டர் ரத்தப் பிளாஸ்மாவில் 0.5 நானோகிராமுக்கு மேல் ஒரு பொருள் சேருமானால் அதன் பாதுகாப்பைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்பது அங்குள்ள வரம்பு; இவை அதைத் தாண்டின. ஆனால் 2019-ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்றவர்கள் உடலின் முக்கால் பங்குப் பரப்பில், நாளுக்கு நான்கு முறை, முழு அளவில் பூசிக்கொண்டவர்கள் என்பதையும், உடலில் சேர்கிறது என்பதாலேயே கெடுதல் என்று பொருளாகாது என்று அந்த நிறுவனமே தெளிவுபடுத்தியதையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவோர் சொல்வதில்லை. அதே நிறுவனம் 2019-இல் முன்மொழிந்த விதியில், துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டைஆக்ஸைடு ஆகிய இரண்டையும் பாதுகாப்பானவை என்ற பட்டியலில் வைத்தது. வேறு 12 பொருள்களுக்கு மேலும் தரவுகள் தேவை என்றது.

ஒரு பக்கம், இன்னும் ஆராயப்பட்டுக்கொண்டிருக்கும் ஓர் ஐயம். மறுபக்கம், வெயில் பட்டால் நோய் கிளறும் என்ற நேரடி ஆபத்து. எங்கள் மகளைப் பொறுத்தவரை தராசு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் குழப்பம் இருக்கவில்லை. ஐயத்தையும் குறைத்துக்கொள்ளலாமே என்று துத்தநாக ஆக்ஸைடு கொண்டதைத் தேர்ந்தெடுத்தோம். அதில் வேறொரு சிரமம் உண்டு. நம் மாநிறத் தோலில் அது விபூதி பூசியதுபோல் வெளுத்து நிற்கும். பேருந்து நிறுத்தத்தில் வியர்த்தவுடன் மூக்கோரத்திலும் புருவத்திலும் கோடுகோடாகத் திரளும். இருபது வயதுப் பெண்ணுக்கு அது எளிய சங்கடமன்று. கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு தடவையாகப் பூசி, நன்கு படிந்த பிறகு வெளியே கிளம்பினால் வெளுப்பு ஓரளவு குறைகிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள். முழுக்கைச் சட்டையும் குடையும் எப்போதும் உடன் உண்டு. மற்றவர்களின் அனுபவத்தையும் அறிய விரும்புகிறேன்.

மேலூர்ப் பக்கத்து விவசாயி:

அக்கா, உங்கள் மகளுக்கு அது மருந்து. அதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை. எங்கள் பக்கத்து நிலையை மட்டும் சொல்கிறேன்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் எங்கள் ஊர்ப் பெண்கள் புடவைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருக்கும். தலையில் கட்டிய துண்டின் முனை பிடரியை மூடித் தொங்கும். வெளியூரில் படிக்கும் என் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தபோது, வயலுக்குப் போகும் என் அம்மாவுக்குச் சன்ஸ்கிரீன் பூசிவிட்டாள். குனிந்து நாற்றை ஊன்றத் தொடங்கிய சற்று நேரத்திலேயே அது வியர்வையோடு கண்ணில் இறங்கி எரிந்தது. சேற்றுக் கையால் துடைக்கவும் முடியாமல் அம்மா வரப்பேறி வந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும் என்பது, வரிசையில் நின்று நடவு செய்பவருக்கு நடக்கிற காரியமில்லை. உடல் முழுவதற்கும் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 30 மில்லி தேவை என்றால், நாள் கூலியில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். அந்தப் பழைய சட்டை வியர்வையில் கரைவதில்லை.

புற்றுநோய் அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சன்ஸ்கிரீன் தோல் புற்றுநோயைக் குறைக்கிறது என்பதற்குப் பெரிய ஆதாரம், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்ற ஊரில் 1,621 பேரை வைத்து 1992-இல் தொடங்கிய ஆய்வு. நாள்தோறும் பூசியவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்றுநோய் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. பிற்காலத்தில் மெலனோமா என்ற கொடிய வகையும் பாதியாகக் குறைந்ததாக 2011-இல் வெளியிட்டார்கள். உறுதியான ஆய்வுதான். ஆனால் அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர். கறுத்த தோலின் நிறமிக்கே ஏறத்தாழ 13 எஸ்.பி.எஃப் (வெயில் தடுப்பைக் குறிக்கும் எண்) அளவுக்கான தடுப்பாற்றல் உண்டு என்றும், வெள்ளைத் தோலுக்கு அது 3 அளவில்தான் என்றும் 1979-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. அந்த ஊரின் பலனை அப்படியே நம் ஊருக்கு எடுத்து வைப்பது சரியன்று. நம்மைப் போன்ற தோலினருக்கு மெலனோமா வருவது அரிது. வந்தால் உள்ளங்கால், நகக்கண் போன்ற வெயில் படாத இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது, அங்கே சன்ஸ்கிரீனுக்கு வேலையே இல்லை. காலில் கரும்புள்ளி பரவினாலோ, பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள் என்று எங்கள் ஊரில் சொல்லிவருகிறேன்.

கோ.புதூரிலிருந்து ஓர் ஆசிரியை:

மேலூர்த் தம்பி சொல்வது வயலுக்குப் பொருந்தும். புற்றுநோய் அரிது என்பதால் வெயில் நம் தோலுக்கு ஒன்றும் செய்யாது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரு கன்னங்களிலும் மங்கு படர்ந்தது. காலை வழிபாட்டுக் கூட்டம், விளையாட்டு நேரம் என்று மைதானத்தில் நிற்கும் வேலை என்பதால் ஒவ்வொரு கோடையிலும் அது கருத்துப் பெருகும். மருத்துவர் கொடுத்த களிம்பு வேலை செய்ய வேண்டுமானால் வெயில் தடுப்பும் கூடவே வேண்டும் என்றார்கள். நான் அறிந்துகொண்ட முக்கியமான செய்தி இதுதான்: மங்குக்குப் புற ஊதாக் கதிர் மட்டும் காரணமன்று, கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும், குறிப்பாக அதன் நீலப் பகுதியும், நம் நிறத் தோலைக் கருக்கச் செய்கிறது. நிறமில்லாத சன்ஸ்கிரீன் அந்த ஒளியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்ஸைடு கலந்து, தோல் நிறத்திலேயே வருகிற வகை அதையும் தடுக்கிறது. அதற்கு மாறிய பிறகுதான் கன்னத்துக் கருமை மங்கத் தொடங்கியது. திருநகர் அக்கா சொன்ன வெளுப்பும் அதில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

அளவு பற்றிப் பலரும் கவலைப்படுவதில்லை. எஸ்.பி.எஃப் 30 என்பது வெயில் சூட்டுக் காயத்தை உண்டாக்கும் கதிரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 என்பது 98 விழுக்காட்டையும் தடுக்கும். ஆனால் அந்தக் கணக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால் மட்டுமே பொருந்தும். முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுக்க வேண்டும். பவுடர் போடுவதுபோல் பொட்டுப் பொட்டாக வைத்துத் தேய்த்தால், உறையில் அச்சிட்ட பாதுகாப்பு கிடைக்காது. இந்த அளவில் நாளுக்கு இருமுறை பூசினால் 50 கிராம் குழாய் மூன்று வாரத்துக்கு மேல் வராது. ஆசிரியர் குடும்பத்துக்கும் இது எளிய செலவன்று. ஆகவே முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் பூசிக்கொண்டு, கைகளுக்குத் துணியை நம்புகிறேன். இது யாரையும் வெள்ளையாக்கும் பொருளன்று. அந்த எதிர்பார்ப்போடு பெண் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

சிம்மக்கல்லிலிருந்து ஒரு மருந்தாளுநர்:

ஆசிரியை அம்மா கடைசியாகச் சொன்னதை நான் தினமும் கடையில் பார்க்கிறேன். "சன்ஸ்கிரீன் போட்டேன், முகம் எரிகிறது" என்று வருபவர்களிடம் சற்றுப் பொறுமையாக விசாரித்தால், அவர்களில் பலர் முகம் வெளுக்க வேண்டி ஸ்டீராய்டும் ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினாயினும் கலந்த கிரீமை மாதக்கணக்கில் தடவிவந்திருப்பார்கள். தோல் மெலிந்து, கன்னத்தில் சிறு ரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரியும். அந்தத் தோலுக்கு எதைத் தடவினாலும் எரியும். பழி மட்டும் சன்ஸ்கிரீன் மீது விழுகிறது. இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி இருந்தும், தோழி சொன்னாள், உறவினர் கொடுத்தார் என்று அவை கைமாறுவது நிற்கவில்லை.

சன்ஸ்கிரீனாலேயே ஒவ்வாமை வருவதும் உண்டு. வாசனைப் பொருள், ஆக்ஸிபென்சோன், ஆக்டோகிரைலீன் ஆகியவை சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் தரும். சிலருக்கு வெயில் பட்ட பிறகே அது வெளிப்படும். புதிதாக வாங்குபவர்களிடம், முழங்கையின் உட்புறத்தில் சில நாள்கள் தொடர்ந்து தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகும்படி சொல்கிறேன். முகப்பரு உள்ளவர்கள் எண்ணெய்ப் பசை மிகுந்த வகையைத் தவிர்க்க வேண்டும். முகப்பருவுக்கே கொடுக்கப்படும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும், சில ரத்த அழுத்த மாத்திரைகளில் உள்ள ஹைட்ரோகுளோரோதயசைடும் தோலை வெயிலுக்குக் கூருணர்வாக்கும் என்பதால், அவற்றை வாங்குபவர்களுக்கு நானே வெயில் பற்றி நினைவூட்டுகிறேன்.

அமெரிக்காவில் சன்ஸ்கிரீன் மருந்து வகையில் வருகிறது. நம் நாட்டில் அது அழகுசாதனப் பொருள். எனவே உறையை நாமே கவனித்துப் படிக்க வேண்டும். எஸ்.பி.எஃப் எண் பெரும்பாலும் தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் புற ஊதா பி கதிரையே குறிக்கும்; தோலுக்குள் ஆழமாக இறங்கும் புற ஊதா ஏ கதிருக்கு 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்ற சொல்லையோ பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின்வரும் கூட்டல் குறிகளையோ பார்க்க வேண்டும். வாங்கியதை வண்டியின் சீட்டுக்கு அடியில் போட்டு மதுரை வெயிலில் நாள் முழுக்க வேகவிட்டால் அது கெட்டுப்போகும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது வேண்டாம். நிழலும் மெல்லிய பருத்தித் துணியும்தான் அவர்களுக்கு ஏற்றவை.

அவனியாபுரத்திலிருந்து ஒரு கார் ஓட்டுநர்:

ஒரு செய்தி மட்டும். ஏ.சி. போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெயில் படாது என்று பயணிகள் நினைக்கிறார்கள். சாதாரணக் கண்ணாடி பி கதிரைத் தடுத்துவிடும். ஏ கதிரில் பெரும்பகுதி பக்கவாட்டுக் கண்ணாடி வழியே உள்ளே வந்துவிடும். பல ஆண்டுகளாக வண்டி ஓட்டும் என் வலக்கை இடக்கையைவிடக் கறுத்து, தோல் சுருங்கியிருக்கிறது. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் அங்கே குளிர்கிறதே என்று தொப்பியைக் காரிலேயே வைத்துவிட்டு ஏரியைச் சுற்றுகிறார்கள். ஆயிரம் மீட்டர் உயரம் ஏற ஏற, புற ஊதாக் கதிர் 10 விழுக்காடு அளவில் கூடும். கொடைக்கானல் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. உடம்பில் சூடு தெரியாததால் அங்கேதான் நெடுநேரம் நிற்கவும் செய்கிறார்கள்.

மேலூர் விவசாயி:

அக்கா, இன்னொரு கேள்வி. வெயிலை இப்படி முழுவதும் மறைத்தால் உங்கள் மகளுக்கு வைட்டமின் டி எங்கிருந்து கிடைக்கும்?

திருநகர்த் தாய்:

நல்ல கேள்வி, தம்பி. நாங்களும் இதையே மருத்துவரிடம் கேட்டோம். காலை இளவெயிலில் நின்றால் போதும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஆனால் நம் நிழல் நம்மைவிட நீளமாக இருக்கும் நேரத்தில் பி கதிர் மிகக் குறைவாகவே தரைக்கு வருகிறது, வைட்டமின் டி உருவாவதும் சொற்பமே. உச்சிப்பொழுதில்தான் அது நன்கு உருவாகும். உங்களைப் போல வயலில் நிற்பவர்களுக்கு முகத்திலும் கையிலும் படும் வெயிலே பெரும்பாலும் உதவிவிடும். சன்ஸ்கிரீன் பூசுவதாலேயே இந்தக் குறைபாடு வந்துவிடும் என்ற அச்சமும் மிகையானது. நீங்கள் சொன்ன அதே நம்பூர் ஆய்வில், நாள்தோறும் பூசியவர்களின் வைட்டமின் டி அளவு மற்றவர்களைவிடக் குறைந்திருக்கவில்லை. என் மகளோ உச்சிவெயில் பக்கமே போக முடியாதவள். எனவே அவளுக்கு அவ்வப்போது ரத்தத்தில் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் 60,000 யூனிட் மருந்தை மருத்துவர் எழுதித் தருகிறார். அது அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால், பரிசோதனை செய்யாமல் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்று உங்கள் வீட்டிலும் சொல்லிவையுங்கள்.