6 மி.மீ. பின்னுக்கு எல்லா இடமும் எச்7 போதுமா?

பண்ணைக்காற்று: யாழ்ப்பாணத்துப் பட்டறை ஒன்றில் செய்யக் கொடுக்கப் போகிறேன். கீழே உருக்குத் தகடு, மேலே கழற்றிப் பூட்டும் அலுமினியத் தகடு. நேராக உட்கார 6 மி.மீ. எம்6 தரப் பின்கள் (உருளை ஊசிகள்; எம்6 இங்கே திருகு அளவல்ல, பின் விட்டம் எவ்வளவு கூடிக் குறையலாம் என்ற குறி) இரண்டு, இடைத்தூரம் 150 மி.மீ. நாலு துளைக்கும் எச்7 (துளை விட்டத்துக்கு அதே மாதிரிக் குறி) என்று வரைந்திருக்கிறேன். சரிதானே?

கோண்டாவில்_லேத்: தாராளம் தம்பி. எச்7 றீமர்தான் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) எங்கேயும் கிடக்கும். எண்ணெய் தடவித் தட்டினால் பின் இறங்கும்.

நுண்ணளவு: அண்ணை, இறங்கும், பிறகு நிற்குமா? அந்தப் பின் 6.004 முதல் 6.012 வரை வரும். எச்7 துளை 6.000 முதல் 6.012 வரை. பெரிய பின்னும் சின்னத் துளையும் சந்தித்தால் 12 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) இறுக்கம், மாறி வந்தால் 8 மைக்ரோன் தளர்வு. மேல் தகட்டைத் தூக்கும்போது பின் எதனோடு வரும் என்பது அதிர்ஷ்டம்தான். கீழே பி7 போடுங்கள் (5.980 முதல் 5.992). குறைந்தது 12 மைக்ரோன் இறுக்கம் உறுதி. மேலே எஃப்7, அது எச்7ஐ விடச் சற்றுப் பெரிய துளை.

கோண்டாவில்_லேத்: பி7 றீமருக்கு எங்கே போவது? இரண்டு தகட்டையும் கிளாம்ப் போட்டு ஒன்றாகத் துளைத்தால் இடைத்தூரம் தானாகப் பொருந்தும். கடதாசியில் எதை எழுதினாலும் இந்தத் துல்லியம் வராது.

நுண்ணளவு: ஒரே ஒரு சோடி என்றால் ஓம். நாளைக்கு மேல் தகடு பழுதாகி வேறு பட்டறையில் செய்தால்? பழைய பின்னில் உட்காராது. அதற்குத்தான் வரைபடம்.

சுன்னாகத்தான்: இரண்டு பேரும் விட்டத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அளவுகள் 20 பாகை வெப்பநிலைக்குச் சொல்லப்படுபவை. தகரக் கூரைப் பட்டறையில் சித்திரை மத்தியானம் 35 வரும். அந்த 15 பாகைக்கு, 150 மி.மீ. நீளத்தில் அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய 25 மைக்ரோன் கூட நீளும். இரண்டு வட்டத் துளை என்றால் எஃப்7 இன் தளர்வு முழுக்க அதற்கே போய்விடும், தகடு சிக்கும். மேல் தகட்டில் ஒன்று வட்டம், மற்றது நீள்துளை. நீளம் இரண்டு பின்னையும் சேர்க்கும் கோட்டின் வழியே இருக்க வேண்டும். அகலத்துக்கு மட்டும் இறுக்கமான அளவு கொடுத்தால் போதும், நீளத்தில் அரை மில்லிமீற்றர் தாராளமாக விடலாம்.

கோண்டாவில்_லேத்: நீள்துளைக்கு மில்லிங் கூலி யார் தருவது? சரி, அது நியாயம்தான், கோடையில் சிக்கிய தகட்டை நெம்பிக் கழற்றியிருக்கிறேன். ஆனால் ஒன்று: கீழ்த் துளையை மறுபக்கம் வரை விடுங்கள். மூடிய துளையில் காற்று அடைபட்டுப் பின் முழுதாக இறங்காது. பிறகு தட்டி எடுக்கவும் வழியில்லை.

நுண்ணளவு: இதில் சண்டையில்லை. ஆனால் சுத்தியல் வேண்டாம், கை பிரஸ்ஸில் நேராக அமுக்குங்கள். பின் சரிந்து இறங்கினால் பி7 இருந்தும் பயனில்லை.

பண்ணைக்காற்று: அப்ப கீழே பி7, மேலே ஒரு வட்டம், ஒரு நீள்துளை என்று மாற்றுகிறேன்.

கோண்டாவில்_லேத்: மாற்றும். வரும்போது அந்தப் பி7 றீமரையும் கையோடு கொண்டுவாரும்.