டெனர் மட்டும் இறங்கும்போது: கார்டா, தனிக்குரலா?

எங்கள் கொயருக்கு நாலு பாகப் பாட்டுகளை (மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்ற நாலு குரல்) ஏபிசி நோட்டேஷனில் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். கிறிஸ் வால்ஷா உருவாக்கிய முறை. சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் ஸ்வரங்களை எழுத்தாகவே அடிக்கலாம். ஒற்றை மெட்டுக்கு இதைவிட வசதி கிடையாது. நாலு குரல் என்று வந்தபோதுதான் சிக்கல்.

முதலில் எல்லாவற்றையும் கார்டாகவே, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டாகவே எழுதினேன். சி, ஈ, ஜி மூன்றையும் சதுர அடைப்புக்குள் போட்டால் ஒன்றாக ஒலிக்கும். பாமாலைகளில் பெரும்பாலும் நாலு குரலும் சேர்ந்தே நகர்வதால் பாதிப் பாட்டு வரை தொல்லை இல்லை.

ஒரு வரியின் முடிவில் மாட்டிக்கொண்டேன். பாஸ் ஜி, ஆல்ட்டோ ஜி, சோப்ரானோ டி, மூன்றும் இரண்டு தட்டு அசையாமல் நிற்கின்றன. டெனர் மட்டும் முதல் தட்டில் சி பாடி, இரண்டாவதில் பி-க்கு இறங்குகிறது. அந்த உரசலும் இறக்கமும்தான் அந்த இடத்தின் அழகே. ஒரே அடைப்புக்குள் மூன்று ஸ்வரத்துக்கு 2, சி-க்கு 1 என்று எழுதிப் பார்த்தேன். அடைப்புக்குள் நீளங்கள் வேறுபட்டால், முதல் ஸ்வரத்தின் நீளமே கார்டின் நீளம் என்பது ஏபிசி விதி. நான் பாஸிலிருந்து மேல்நோக்கி எழுதுகிறவன். ஆக, கார்டு இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டது, பி அதற்குப் பின்னால் போய் நின்றது, பாரில் (தாளக் கட்டத்தில்) ஒரு தட்டு அதிகம்.

அப்புறம் இரண்டு கார்டாக உடைத்தேன். கணக்கு சரி. ஆனால் ஓடவிட்டுக் கேட்டால், நிற்க வேண்டிய மூன்று குரலும் இரண்டாவது தட்டில் மறுபடி ஒலிக்கின்றன. இரண்டு ஸ்வரத்தை ஒன்றாக நீட்டும் டை என்ற வளைகோடு போட்டேன், ஒலி சரியானது, தாள் குழம்பியது. ஒத்திகையில் டெனர் பாடும் அண்ணன் தாளை என் பக்கம் திருப்பி, "தம்பி, இதுல என் வரி எது?" என்று கேட்டார்.

அன்று இரவே முழுப் பாட்டையும் நாலு குரலாகப் பிரித்தேன். குரலுக்கு ஒரு வி வரி (வி என்றால் வாய்ஸ்). சோப்ரானோவும் ஆல்ட்டோவும் ஒரே ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு வரியில்), டெனரும் பாஸும் இன்னொன்றில். மேல்குரலுக்கு ஸ்வரக் குறியின் காம்பு மேலே, கீழ்க்குரலுக்குக் கீழே என்று பிரிந்து வந்தது. ஒரே ஒரு பாருக்குத்தான் கூடுதல் குரல் வேண்டும் என்றால் & குறி போதும்; அதே பாரின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய் எழுதலாம்.

உங்களுக்கு எந்த இடத்தில் இடித்தது? எழுதுங்கள்.

பதில்

எனக்கு லில்லிபாண்டில், தம்பி; அதுவும் எழுத்தாக அடித்ததை இசைத்தாளாக்கித் தரும் மென்பொருள். அதில் கார்டுக்கு ஒற்றைக் கூர் அடைப்பு, ஒரே நேரத்தில் ஓடும் குரல்களுக்கு இரட்டைக் கூர் அடைப்பு. நடுவில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டால் குரல் பிரிந்துவிடும் என்பதால் பாட்டு முழுக்க அதையே போட்டேன். பிரிந்த இடத்திலெல்லாம் கீழே இருந்த பாடல் வரி நழுவிப் போனது. அந்தக் கோடுகள் அங்கே புதிதாக இரண்டு குரலை உண்டாக்குகின்றன. பாடல் வரியோ பழைய குரலோடு கட்டப்பட்டிருக்கிறது. இப்போது முதல் குரலைத் தொடரவிட்டு, இரண்டாவதை மட்டும் புதுக் குரலாகத் திறக்கிறேன்.

இன்னொன்று, ரிலேட்டிவ் முறையில் (முந்தைய ஸ்வரத்தை வைத்து அடுத்ததன் ஸ்தாயி முடிவாகும் முறை) எழுதுகிறவர்களுக்கு: கார்டுக்கு அடுத்து வரும் ஸ்வரம் அந்தக் கார்டின் கடைசி ஸ்வரத்தைப் பார்க்காது, முதல் ஸ்வரத்தைத்தான் பார்க்கும். இது தெரியாமல் ஒரு பக்கம் முழுக்க ஒரு ஸ்தாயி தள்ளி அச்சடித்திருக்கிறேன். ஒவ்வொரு பாரின் முடிவிலும் நிற்கோடு போடுங்கள். தட்டு குறைந்தால் எந்த வரி என்று எச்சரிக்கை வரும்.

பதில்

மிசோரம் தலைநகர் ஐஸ்வாலில் சில வருடம் வேலை பார்த்தேன். அங்கே கொயர்களில் டோ, ரே, மி என்று ஸ்வரத்தை எழுத்தில் எழுதும் டானிக் சோல்ஃபா தாள்தான் கையில் இருக்கும். சாரா குளோவர் தொடங்கி, ஜான் கர்வென் 19ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த முறை. அதுவும் எழுத்து நோட்டேஷன்தானே! உங்கள் பாரை அதில் எழுதினால் இப்படி வரும், சி-யை டோவாக வைத்து:

சோப்ரானோ | ரே : – |
ஆல்ட்டோ | சோ : – |
டெனர் | டோ : டீ |
பாஸ் | சோ : – |

முக்காற்புள்ளி தட்டைப் பிரிக்கிறது, கோடு நீட்டிப் பிடிக்கச் சொல்கிறது. கார்டுக்கென்று தனிக் குறியே தேவைப்படவில்லை. மேலிருந்து கீழே பார்த்தால் கார்டு, இடமிருந்து வலம் பார்த்தால் குரல்.

முதலில் எழுதியவர்

அந்த நாலு வரியைப் பார்த்ததும் என் கோப்பையும் அதே மாதிரி அடுக்கிவிட்டேன். முன்பு ஒரு குரலை முழுக்க எழுதி முடித்துத்தான் அடுத்ததைத் தொடுவேன். இப்போது நாலு நாலு பாராக, நாலு குரலும் ஒன்றன்கீழ் ஒன்று; வரிக் கடைசியில் சதவீதக் குறி போட்டு பார் எண். ஆல்ட்டோவில் 11ஆவது பாரில் ஒரு தட்டு விட்டுப்போயிருந்தது, அடுக்கும்போதே கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் புதுத் தாள் எடுத்துப் போகிறேன், அண்ணனின் வரியை முதலில் அவரிடம் காட்ட வேண்டும்.