மறு: மண்டலப் பூங்கா ஆணையமா, குழுவா?

> தேர்தல் ஆணையம், மகளிர் ஆணையம் போல இதையும் மண்டல ஆணையம் என்றால் என்ன?

ஐயா, வணக்கம். நியூயார்க் மாநிலத்தின் 'ரீஜனல் பார்க் கமிஷன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதானே உங்கள் கேள்வி? அங்கே இந்தக் கமிஷன்களுக்குப் பெயர் அப்படியேதான் இருக்கிறது, அதிகாரம்தான் போய்விட்டது. 1924இல் லாங் ஐலண்ட் தீவின் பூங்காக் கமிஷனைத் தொடங்கியபோது அதன் தலைவர் ராபர்ட் மோசஸ். நிலம் எடுக்க அவர் எழுதிக்கொண்ட சட்டப்பிரிவு பொல்லாதது. அதிகாரி நிலத்துக்குள் போய் "இனி இது மாநிலத்துடையது" என்று சொன்னால் ஏறக்குறைய முடிந்தது கதை, பணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். 1929இல் ஜோன்ஸ் பீச் என்ற கடற்கரைப் பூங்காவைத் திறந்தார்கள். அங்கே போகும் பார்க்வே சாலைகளும் அதே கமிஷனின் வேலைதான். அதற்கு ஆணையம் என்ற சொல் தாராளமாகப் பொருந்தும்.

1970களில் நிர்வாகம் தலைநகர் ஆல்பனியிலுள்ள மாநிலப் பூங்காத் துறையின் கைக்குப் போனது. இன்றைய உறுப்பினர்களை ஆளுநர் நியமிக்கிறார், சம்பளம் கிடையாது. தங்கள் மண்டலத்துப் பூங்காக்களின் வரவுசெலவையும் திட்டங்களையும் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். தலைவர்கள் மாநிலப் பூங்கா அவையிலும் உட்காருவார்கள். ஆணையிடுவது துறை. எனவே இன்றைய அமைப்புக்கு 'மண்டலப் பூங்காக் குழு' போதும்.

பாலிசேட்ஸ் கமிஷன் மட்டும் விதிவிலக்கு. ஹட்சன் ஆற்றங்கரையின் செங்குத்துப் பாறைகளைக் கல்குவாரிக்காரர்கள் வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க 1900இல் நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் சேர்ந்து அமைத்தது அது. இன்றும் தானே பூங்காக்களை நடத்துகிறது. அது ஆணையமாகவே இருக்கட்டும்.

> ரெக்ரியேஷனுக்கு 'மனமகிழ்வு'?

வேண்டாமே! மனமகிழ் மன்றம் என்றாலே நம்மூரில் சீட்டுக்கட்டும் பாட்டிலும்தான். 'பொழுதுபோக்கு' சினிமா வாடை அடித்தாலும் பரவாயில்லை.

> 'தொல்லியல் பாதுகாப்பு' என்று முடித்துவிடலாமா?

துறையின் பெயரிலுள்ள 'ஹிஸ்டாரிக் பிரிசர்வேஷன்' என்பதற்குத்தானே? தோண்டி எடுத்ததற்குத்தான் அது சரி. அதே மாநிலத்தின் நியூபர்க் ஊரில் 1850இல் மாநிலம் வாங்கிக் காத்தது, அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் தங்கியிருந்த ஒரு கல்வீடு. நேற்றுவரை ஆள் குடியிருந்த வீட்டுக்குத் தொல்லியல் எதற்கு? 'வரலாற்றிடப் பாதுகாப்பு' என்பது என் பரிந்துரை.

'மண்டலம்' இருக்கட்டும். வட்டாரம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர் நினைவுக்கு வந்துவிடுவார், அளவும் சுருங்கிவிடும். அங்குள்ள டாகோனிக் பூங்கா மண்டலம் பல கவுண்டிகளை, அதாவது மாநிலத்தின் உட்பிரிவுகளை, சேர்த்தது. கவுண்டிக்கு என்ன சொல் என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், இங்கே தொட்டால் விடிந்துவிடும்.